சேற்று வயலுக்கு ஏற்ற டிராக்டர் டயர்

குறுவை அறுவடை முடிந்த கையோடு தாளடிக்கு வயலைத் தயார் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவ மழையும் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வயலில் இறங்கிய டிராக்டரின் பின் சக்கரம் நகராமல் இருந்த இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைப்பதைக் காவிரிப் பாசனப் பகுதி உழவர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்குத் திறன் போதவில்லை என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் குறை எஞ்சினில் இல்லை; டயரில்தான் உள்ளது. சொந்த டிராக்டர் வைத்திருப்போரும் வாடகைக்கு அமர்த்துவோரும் இதை அறிந்திருப்பது நல்லது.

வழுக்கலை அளப்பது எப்படி?

சக்கரம் சுழலும் அளவுக்கு வண்டி முன்னேறாததே வழுக்கல் ஆகும். உழவின்போது 10 முதல் 15 சதம் வரை வழுக்கல் இருப்பது இயல்பு. அது 30 சதத்தை எட்டினால் சக்கரத்துக்குச் செல்லும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகும். டீசல் செலவு கூடும், டயரும் தேயும்.

இதை நீங்களே அளக்கலாம். பின் டயரின் பக்கத்தில் சுண்ணாம்பினால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில், அதே வயலில் சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை ஓட்டி, சென்ற தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி 10 சுற்று ஓட்டுங்கள். முதலில் 40 மீட்டரும் அடுத்து 34 மீட்டரும் வந்தால் வழுக்கல் 15 சதம். 28 மீட்டர்தான் வந்தது என்றால் 30 சதம். உடனே கவனிக்க வேண்டும்.

டயரைத் தேர்ந்தெடுத்தல்

டயரின் பக்கத்தில் 13.6-28 என்பது போன்ற எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாவது எண் உள்வட்டத்தின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும். அகலமான டயர் எடையைப் பரப்பித் தாங்குவதால் சேற்றில் குறைவாகவே புதையும். ஆனால் உங்கள் டிராக்டருக்கும் ரிம்முக்கும் கையேட்டில் அனுமதித்த அளவையே வாங்க வேண்டும்.

அடுத்து, டயரின் மேல் சாய்வாக எழும்பி நிற்கும் ரப்பர் பட்டைகளைப் பாருங்கள். ஆர்-1 என்று குறித்த டயர் பொதுவான பண்ணை வேலைக்கு உரியது. ஆர்-2 என்பது நெல், கரும்பு வயல்களின் சேற்றுக்காகச் செய்யப்பட்டது. இதன் பட்டைகள் ஏறக்குறைய இரு மடங்கு உயரமானவை. எனினும், ஆண்டில் பெரும்பகுதி டிரெய்லர் இழுத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கு ஆர்-2 ஏற்றதன்று. கடினமான தரையில் அது விரைவில் தேய்ந்துவிடும். அத்தகையோர் ஆர்-1 டயருடன் சேற்றுக்கு மட்டும் கேஜ் வீல் பொருத்திக்கொள்ளலாம்.

டயரைத் திசை மாற்றிப் பொருத்தக் கூடாது. வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் பட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் பட்டைகளுக்கு இடையில் சேரும் சேறு ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு விழும். சேறு அடைத்துக்கொண்ட டயர், பட்டையே இல்லாத வழுவழுப்பான டயருக்குச் சமம்.

காற்றும் எடையும்

சாலையில் ஓடுவதற்கு அடைத்த காற்றோடு அப்படியே வயலில் இறங்க வேண்டாம். கையேட்டில் வயல் வேலைக்குக் குறித்த அளவுக்குக் காற்றைக் குறையுங்கள். டயர் சற்று அமுங்கி, மண்ணை நீளமாகப் பற்றும். சாலைக்குத் திரும்பும்முன் மீண்டும் காற்றடைக்க வேண்டும்.

புழுதி உழவில் பின் டயருக்குள் முக்கால் பங்கு வரை தண்ணீர் நிரப்பினால் பிடிப்புக் கூடும். டயர் ஒன்றுக்கு 150 லிட்டர் நிரப்பினால் இரண்டிலும் சேர்த்து 300 கிலோ எடை ஏறும். ஆனால் ஆழமான சேற்றில் இதே எடை வண்டியைப் புதைத்துவிடும். அங்கு எடையைக் குறைத்துக் கேஜ் வீலை நம்புவதே சரி.

வயலின் அடியில் நீரைத் தேக்கி வைக்கும் இறுகிய மண் அடுக்கு ஒன்று உண்டு. டிராக்டரைத் தாங்குவதும் அதுதான். சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று இதை உடைத்துவிட்டால், பாய்ச்சும் நீர் கீழே இறங்கி வீணாகும். அடுத்த பருவத்திலும் வண்டி அதே இடத்தில் சிக்கும். கேஜ் வீலுடன் தார்ச் சாலையில் ஓட்டக் கூடாது. அது சாலையைப் பெயர்த்துவிடும், தடையும் உள்ளது.

சிக்கிக்கொண்டால்

இதுவே மிக முக்கியமானது. சிக்கிய வண்டியின் பின் சக்கரத்தில் கட்டையைச் சேர்த்துக் கட்டி, கியர் போட்டு முன்னோக்கி எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். சக்கரம் சுழல முடியாதபோது வண்டியின் முன்பகுதி மேலே எழும்பும். ஒன்று இரண்டு விநாடிகளில் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை அமுக்கிவிடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இராது.

சக்கரம் சுழலத் தொடங்கியதும் நிறுத்துங்கள். கருவியைக் கழற்றுங்கள். சக்கரத்தின் பின்புறச் சேற்றை மண்வெட்டியால் அகற்றி, மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். அசையவில்லை என்றால் கரையில் நிற்கும் வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுக்க வேண்டும். இழுக்கும் டிராக்டரில் சங்கிலியைத் தாழ்வாக உள்ள இழுவைக் கட்டையில் மட்டுமே மாட்டுங்கள். அருகில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்க வேண்டாம்.

ஏற்ற டயர், சரியான காற்று, அளவான எடை ஆகிய மூன்றையும் மழைக்கு முன்பே சரிபார்த்துக்கொண்டால் டீசலும் மிஞ்சும், வயலும் கெடாது, உயிருக்கும் பாதுகாப்பு.