சென்சார் காட்டும் சர்க்கரை அளவை எவ்வளவு நம்பலாம்?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் ஒருவர் விடியுமுன் படகேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலை இழுத்து முடிவதற்குள் சாப்பாடு தள்ளிப்போகிறது, சர்க்கரை இறங்குகிறது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் நடு ஏரியில் விரலில் குத்தாமலே சர்க்கரை குறைவதைச் சொல்ல, கையில் ஒட்டும் சென்சார்தான் உண்டு. அது சரியாகச் சொல்கிறதா?

நிறுவனங்கள் சொல்வது ஓர் எண்: ரத்தப் பரிசோதனையிலிருந்து சென்சார் சராசரியாக எத்தனை சதவீதம் விலகுகிறது என்பது. ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரின் முதல் தலைமுறைக்கு 11.4. டெக்ஸ்காம் ஜி6 சென்சாருக்கு 9-ஐ ஒட்டி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து அளவீடுகளில் ஒன்பது 5 சதவீதம் தவறி, ஒன்று மட்டும் 50 சதவீதம் தவறினாலும் சராசரி 9.5 தான். அந்த ஒன்றில் உண்மையான சர்க்கரை 60, திரையில் 90 என்றால்? படகில் இருப்பவருக்கு ஆபத்து அந்த ஒன்றில்தான்.

இரு அளவீடுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவும் உதவாது. எப்போதும் 40 கூட்டியே காட்டும் கருவிக்கும் கெழு 1 வரும். இரு கருவிகளின் வித்தியாசத்தையே நேராக வரைந்து பாருங்கள் என்று புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் சொன்னது இதனால்தான். அடுத்த ஆண்டு கிளார்க் என்பவரின் ஆய்வுக் குழு இன்னும் பயனுள்ள கேள்வியைக் கேட்டது: இந்தத் தவற்றை நம்பினால் நோயாளி என்ன செய்வார்? தவறுகளை ஆபத்துக்கேற்பப் பிரிக்கும் அவர்களுடைய கட்டத்தில் ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து மண்டலங்கள். 60-ஐ 90 என்று காட்டுவது ‘டி’: கவனிக்க வேண்டிய தாழ்வு தெரியாமலே போகிறது. என்னைக் கேட்டால், சராசரியை விட இந்த ‘டி’யில் எத்தனை புள்ளிகள் விழுந்தன என்பதையே முதலில் கேட்பேன். இத்தகைய சென்சார்களுக்கான அமெரிக்காவின் 2018 விதியும் தாழ்வைத் தனியே பார்க்கிறது: 70-க்குக் கீழ் காட்டும் அளவுகளில் 85 சதவீதத்துக்கு மேல் ரத்த அளவிலிருந்து டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராம் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், சென்சார் தொடுவது ரத்தத்தை அல்ல, தோலடித் திரவத்தை. சில நிமிடம் பின்தங்கும். உழைப்பில் சர்க்கரை வேகமாக இறங்கும்போது இடைவெளி பெரிதாகும். படுக்கையில் எடுத்த கணக்கு படகுக்கு அப்படியே பொருந்தாது. தண்ணீர் வேறு: லிப்ரே தாங்குவது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், ஏரியில் இறங்கி இறால் பிடிப்பவர்கள் நிற்பதோ மணிக்கணக்கில்.

வியர்த்து, கை நடுங்கி, திரை 90 என்றால் கையைக் கழுவித் துடைத்து விரலில் குத்திப் பாருங்கள். குத்திப் பார்க்கக் கருவி இல்லையா, முதலில் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.