குடியை நிறுத்திய மூன்றாம் நாள்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பலர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இருபது வருடமாகத் தினமும் சம்சு குடித்தவர், தைப்பூசத்திற்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு ஒரே நாளில் குடியை விடுகிறார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் காலை அவருக்குக் கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வியர்க்கிறது, சாப்பிட்டது நிற்கவில்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்கள். இரண்டாம் நாள் இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுகிறார், இறந்துபோன அண்ணனோடு பேசுகிறார், மனைவியை அடையாளம் தெரியாமல் விழிக்கிறார்.

'காத்துக் கருப்பு பட்டுவிட்டது' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். விபூதி போட ஆளைக் கூப்பிடுவார்கள். சிலர் கட்டிலோடு கட்டியும் வைப்பார்கள். அந்த நேரத்தில் அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை.

இதற்கும் பேய்க்கும் சம்பந்தமில்லை, விரதத்தில் குறை வைத்ததற்கான தண்டனையும் இல்லை. மது மூளையின் வேகத்தைக் குறைக்கும் பொருள். வருடக்கணக்கில் தினமும் குடிக்கும்போது மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே மோட்டார் ஓட்டுகிறவர் எண்ணெயைக் கூடுதலாக முறுக்குவது போல. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் பிரேக் மட்டும் விடுபடுகிறது, முறுக்கிய எண்ணெய் அப்படியே இருக்கிறது. நடுக்கம், படபடப்பு, ரத்த அழுத்தம், பிரமை எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

இதில் காலக்கணக்கு முக்கியம். நடுக்கமும் வியர்வையும் கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே தொடங்கலாம். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்திற்குள் வரும். மனம் குழம்பி இல்லாததைப் பார்த்துப் பேசும் கடுமையான நிலை, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தலைகாட்டும். சிகிச்சை கிடைக்காவிட்டால் அந்த நிலையில் உயிர் போகலாம். 'ரெண்டு நாள் தாண்டிட்டா தப்பிச்சோம்' என்று நினைப்பது தவறான கணக்கு.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. கல்யாண வீட்டிலோ தீபாவளிக்கோ குடிப்பவர் நிறுத்தினால் ஒன்றும் நடக்காது. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் அடங்க ஒரு மடக்குத் தேவைப்படுகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், சரியாகச் சாப்பிடாமல் குடித்தே உடம்பு இளைத்தவர், கல்லீரல் கெட்டவர், வயதானவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். இவர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இதைச் சொன்னால் குடிக்கச் சொல்வதுபோல் சிலருக்குத் தோன்றும். ஆனால் மருத்துவ ஆலோசனை இதுதான்: முதலில் டாக்டர், பிறகு நிறுத்துவது.

நம் சமுதாயம் குடிக்கு எதிராகப் போராடாத சமுதாயம் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் உருவான தொண்டர் படை, கள்ளுக்கடை வாசலில் நின்று மறியல் செய்தது. கள் போய் சம்சு வந்த பிறகு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருடங்கள் விடாமல் குரல் கொடுத்தது. அந்தக் குரல்களுக்குப் பலனும் உண்டு. 2016-இல் திருத்தப்பட்ட உணவு விதிமுறைகள் 2017 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தன. மது வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது. மலிவான கலப்பு மதுவைக் குறைந்தது 700 மில்லிலிட்டர் கண்ணாடிப் பாட்டிலில்தான் விற்க வேண்டும் என்றானது.

அந்தச் சின்னப் பாட்டில் ஏன் அவ்வளவு ஆபத்து? 150 மில்லிலிட்டர் பாட்டிலில் 37 விழுக்காடு ஆல்கஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 44 கிராம் ஆல்கஹால் இருக்கும். சாதாரண 320 மில்லிலிட்டர் பீர் டின்னில் இருப்பது சுமார் 13 கிராம். ஆக, கால்சட்டைப் பையில் அடங்கும் அந்த ஒரு பாட்டில் மூன்றரை டின் பீருக்குச் சமம், விலையோ அதைவிடக் குறைவு. கையில் அன்றாடக் கூலி மட்டும் இருப்பவரைக் குறிவைத்த அளவு அது. நாலு பேர் பங்கு போட்டுப் பெரிய பாட்டில் வாங்கத் தடையில்லை என்பது வேறு கதை.

இத்தனை வருடப் பிரசாரத்திலும் 'குடியை விடு' என்று சொன்னோம், எப்படி விடுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஆலய மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் நடக்கும் மதுவிலக்குப் பேச்சுகளில் கெட்டுப்போன கல்லீரலின் படத்தைக் காட்டுகிறோம். மூன்றாம் நாள் என்ன நடக்கும் என்பதை ஐந்து நிமிடம் பேசினால் போதும், ஒரு உயிராவது தப்பும் என்பது என் எண்ணம்.

டாக்டர் என்ன செய்வார்? எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருடமாக என்று கேட்பார். லேசான நிலை என்றால் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம். ஆபத்து அதிகம் என்றால் வார்டில் சேர்ப்பார்கள். மூளையின் படபடப்பை அடக்கும் மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே பி1 வைட்டமினும் தருவார்கள். நெடுநாள் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் போனால் நடை தள்ளாடி, ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடலாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். முஸ்லிம் அல்லாதோர் மது அருந்துவது நம் நாட்டில் குற்றமில்லை என்பதால், உள்ளதைச் சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயமும் வேண்டாம். அளவைக் குறைத்துச் சொன்னால்தான் ஆபத்து, மருந்தின் அளவே அதை வைத்துத்தான் முடிவாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் சுற்றுகின்றன. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மது பட்டவுடன் உடம்பைப் புரட்டிப்போடும் மாத்திரை ஒன்று மருத்துவத்திலும் உண்டு. ஆனால் அதை நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். நல்லெண்ணத்தில் கொடுத்த மனைவிதான் பிறகு பழி சுமப்பார்.

குடித்த மறுநாள் வரும் எல்லா உபாதையும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் குடித்தவுடன் காட்டிக்கொடுக்காது. அரை நாள், ஒரு நாள் கழித்து வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பனிமூட்டத்தில் பார்ப்பது போன்ற மங்கலான பார்வை வரும். கண் மங்குகிறது என்று அவர் சொன்னால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். கூடக் குடித்தவர்களையும் தேடிப் பிடித்து அழைத்துப் போங்கள்.

வலிப்பு, பிரமை, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், அதிகக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் 999. வலிப்பின்போது வாயில் கரண்டியோ இரும்போ வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால் தாலியான் காசே 15999. குடும்பத்தாருக்கே மனம் தாங்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

சிகிச்சை முடிந்து வந்தவர் இரண்டு மாதத்தில் மறுபடி குடிக்கலாம். அது நடக்கக்கூடியதுதான். பலர் இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகே நிறுத்துகிறார்கள். மறுபடியும் கூட்டிப் போகலாம், டாக்டர் திட்டி அனுப்பமாட்டார்.

கிளினிக் முகப்பில் நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு, தினமும் எத்தனை பாட்டில், முன்பு வலிப்பு வந்ததா, இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறார். பேசியே ஆக வேண்டுமென்றால் மலாயில் ஒரு வரி போதும்: 'பாரு பெர்ஹெந்தி மினும் ஆராக், சுடா டுவா ஹாரி.' குடியை நிறுத்தி இரண்டு நாளாகிறது என்று அர்த்தம். அதைக் கேட்டதும் என்ன கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.