தோப்பூர் வீதியோரத் தாவரங்களும் அவற்றின் பெயர் வரலாறும்

மூதூரிலிருந்து தோப்பூருக்குச் செல்லும் வீதியின் இரு மருங்கிலும் தாமாகவே முளைத்துத் தாமாகவே மடியும் செடிகளை எவரும் நின்று நோக்குவதில்லை. எருக்கும் தகரையும் நெருஞ்சியும் காவிளாயும் வயலுக்குப் போவோரின் காலடியிற் கிடப்பவை. ஆயினும் தாவரவியலார் இவற்றுக்கு வழங்கும் இலத்தீன் பெயர்களை ஆராயுமிடத்து, அப்பெயர்கள் செடிகளைப் பற்றி மட்டுமன்றிப் பெயரிட்டோரது சமூக நிலை பற்றியும் பேசுவதை நாம் காணலாம்.

இவ்வூருக்கு அணித்தேயுள்ள கொட்டியாரக் குடாவிலேதான் 1660இல் ஆங்கிலக் கப்பலொன்று வந்தடைய, றொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக போல் ஹேர்மன் இலங்கைக்கு வந்தார். வாசனைத் திரவியமும் மருந்தும் இலாபமீட்டும் பண்டங்களாயிருந்த காலம் அது. செடிகளை அறிதல் கம்பனிக்கு வணிகத் தேவையாயிருந்தது. அவர் சேகரித்து உலர்த்திய தாவரங்கள் நெடுங்காலம் மறைந்து கிடந்து, கொப்பன்ஹேகனில் அரச மருந்தாளர் ஒருவரின் கைக்குச் சேர்ந்து, அவர் வழியாக லின்னேயசை அடைந்தன. அவற்றை ஆதாரமாகக் கொண்டே 1747இல் 'ஃபுளோரா செய்லானிக்கா' என்னும் நூல் வெளிவந்தது. லின்னேயஸ் இலங்கையிற் காலடி வைத்தவரல்லர்.

ஹேர்மன் செடிகளோடு உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துவைத்தார். தகரையின் இலத்தீன் பெயரிலுள்ள 'தோரா' சிங்களச் சொல். முருங்கை 'மொரிங்கா' ஆயிற்று. வேலியோரத்து ஆடாதோடையின் கதை இன்னும் சுவையானது. ஆடு தொடாத இலை என்பதே அதன் பொருளென்பர். இவ்வுண்மையைக் கண்டவன் நூலறிவாளனல்லன், ஆடு மேய்த்தவன். லின்னேயஸ் அச்செடிக்கு 'யஸ்டீசியா அதாதோடா' எனப் பெயரிட்டார். முற்பகுதி ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்கொத்லாந்துத் தோட்டக்கலை ஆர்வலருக்குச் செய்த மரியாதை. மேய்ப்பனின் அறிவு பிற்பகுதியாக ஒட்டிக்கொண்டது. அவன் பெயர் எங்குமில்லை.

இதனை ஏகாதிபத்தியச் சூழ்ச்சியென்று கூறி அமைந்துவிடுதல் எளிது, அது வரலாற்றாய்வாகாது. வடபகுதியார் காவிளாய் என்பதைத் தமிழகத்தார் கொழிஞ்சி என்பர். சிங்களவர் பிலா என்பர். மூன்றும் ஒன்றே என்று ஐயமின்றிக் காட்டுவது 'தெப்ரோசியா பர்ப்பூரியா' என்னும் இருசொற் பெயர்தான். அம்முறை அறிவியலின் மெய்யான முன்னேற்றம். சாம்பல் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த 'தெப்ரோசியா', இலையின் மென்மயிரைக் கூர்ந்து நோக்கியவரின் சொல். ஆனால் அச்செடியைப் பசுந்தாட் பசளையாக வயலில் மிதித்துத் தாழ்த்திய உழவனுக்கு அதன் நிறம் பொருட்டன்று. நோக்கும் கண் ஒன்று, உழைக்கும் கை வேறொன்று. நெருஞ்சியின் 'திரிபுலஸ்' போர்க்களத்தை நினைவூட்டுவது. குதிரைகளின் குளம்பைத் துளைக்கத் தரையிற் பரப்பிய முள்ளாயுதத்துக்கும் கிரேக்கர் அப்பெயரையே வழங்கினர். வெறுங்காலுடன் நடந்தோருக்கு இவ்வுவமை விளக்கம் வேண்டியதன்று.

பெயரிடும் ஆற்றல் மக்களிடம் பழங்காலத்தோடு அற்றுப்போய்விடவில்லை. அமெரிக்காவிற் பிறந்த 'லந்தானா கமாரா' 1820களில் பேராதனைப் பூங்காவின் வழியாக அலங்காரச் செடியாக இலங்கைக்கு வந்தது. வேலி கடந்து காடேறிய அதனை நம்மவர் நாயுண்ணி என்றனர். நாயின் உடலில் ஒட்டும் உண்ணியை அறிந்தவரன்றி வேறெவர் இப்பெயரைப் படைத்திருக்க இயலும்? ஆனால் 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட மற்றோர் அமெரிக்கக் களைக்கு இத்தகைய பெயர் வாய்க்கவில்லை. அறிவித்தல்களோடு வந்த 'பார்த்தீனியம்' என்னும் சொல்லையே வடபகுதி உழவரும் வழங்குகின்றனர்.