சூடு தாங்கும் அளவுக்குத்தான் பலம்

கனமான பலகையில் ஹோல்சா மாட்டிப் பெரிய துளை போடும்போது, பேட்டரி டிரில் ஒரு கட்டத்தில் திணறும், அதன் சிறு விளக்கு சில முறை மின்னும், பிறகு அடங்கிவிடும். மெஷின் போய்விட்டது என்று சொல்லிக் கடைக்குத் தூக்கிச் செல்கிறவர்கள் உண்டு. ஆனால் கொஞ்ச நேரம் நிழலில் வைத்தால் பெரும்பாலும் அதே மெஷின் பழையபடி ஓடும். உள்ளே சூடு எல்லை மீறுவதைக் கண்டு அது தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கையில் பிடித்து வேலை செய்யும் கருவியின் பலத்துக்கு எல்லை போடுவது, தனக்குள் பிறக்கும் சூட்டை அது எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதே. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் முறுக்கு விசையும் இந்த எல்லைக்கு உட்பட்டவை. வாங்குகிறவரும் செய்கிறவரும் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

18 வோல்ட் டிரில் ஒன்றின் உள்ளே சூடு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். கீழே பேட்டரியில் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இணைந்து 18 வோல்ட் தருகின்றன. பழைய மெஷின்களில் மோட்டாருக்குள் மின்சாரத்தைத் திசை மாற்றி அனுப்பும் வேலையைக் கார்பன் பிரஷ்கள் செய்தன. அவை உரசித் தேயும், பொறி பறக்கும், சூடாகும். இன்றைய பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் கிடையாது. சுருள்கள் வெளிப்புறம் அசையாமல் நிற்க, காந்தம் நடுவில் சுழல்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தீப்பெட்டி அளவுள்ள சர்க்யூட் போர்டில் இருக்கும் ஆறு மாஸ்ஃபெட் சுவிட்சுகள் பார்த்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மோட்டாரின் சூடு குறைந்தது உண்மை. ஆனால் மின்சாரம் முழுவதும் இப்போது அந்த நகத்தளவு இடத்தின் வழியாகப் போகிறது.

கணக்கைப் போட்டால் விஷயம் விளங்கும். இப்படி ஒரு சுவிட்சின் மின்தடை ஓர் ஓம்மின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். ஒரே நேரத்தில் இரண்டு சுவிட்சுகள் வழியாக மின்சாரம் போகும். 30 ஆம்பியர் ஓடும்போது இரண்டிலும் சேர்ந்து பிறக்கும் சூடு 1.8 வாட்; பொருட்படுத்தத் தேவையில்லை. பிட் மரத்தில் சிக்கி மின்னோட்டம் 100 ஆம்பியருக்கு எகிறினால் சூடு 20 வாட். மின்னோட்டம் மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடியது, சூடோ பதினோரு மடங்கு கூடிவிட்டது. ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சுழலும்போது ஆறு சுவிட்சுகளும் முறை வைத்துச் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. மோட்டார் சிக்கி நின்றுவிட்டால் முறை மாறாது. அந்தக் கணத்தில் திறந்திருந்த இரண்டே சுவிட்சுகள் முழுச் சுமையையும் தாங்கியாக வேண்டும். சூடு ஏற ஏற மாஸ்ஃபெட்டின் மின்தடையும் ஏறும். 150 டிகிரியில் அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்காகிவிடும். சூடு இன்னும் சூட்டைக் கூட்டுகிறது.

இந்தச் சூட்டுக்கு வெளியேறும் வழி எளிதில் கிடைப்பதில்லை. வெப்பத்தைக் கடத்தும் திறனில் (மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற அலகில்) செம்பு ஏறக்குறைய 400, அலுமினியம் 200-க்கு மேல். கருவியின் மேலோடான பிளாஸ்டிக்கோ அரையைக்கூடத் தொடுவதில்லை. அசையாத காற்று 0.026. அதாவது டிரில்லின் உடம்பு, போர்டுக்குக் கம்பளி போர்த்தியது போல. அதனால்தான் நல்ல கருவிகளில் போர்டின் செம்புப் படலத்தைத் தடிமனாக்கி, சுவிட்சுகளின் முதுகில் வெப்பம் கடத்தும் மென்பட்டை வைத்து, அதை அலுமினியத் தட்டோடு அழுத்திப் பொருத்துகிறார்கள். அந்தத் தட்டைக் காற்று உள்ளே வரும் வழியில் வைக்கிறார்கள்.

பெரிய ஃபேனும் பெரிய ஹீட் சிங்க்கும் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஃபேன் பெரும்பாலும் மோட்டாரின் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. மோட்டார் திணறி மெதுவாகச் சுழலும்போது ஃபேனும் மெதுவாகிறது. சூடு உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் காற்று குறைகிறது. காற்றுத் துளைகளைப் பெரிதாக்கினால் சிமெண்டுத் தூளும் இரும்புத் துகளும் உள்ளே போகும். இரும்புத் துகள் போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகும். அதைத் தடுக்கப் போர்டின் மேல் பிசின் ஊற்றி மூடுகிறார்கள், அந்தப் பிசினும் வெப்பத்தை எளிதில் விடாது. எடையைக் கூட்டினாலோ, ஏணியில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கித் துளையிடும் எலக்ட்ரீஷியனின் தோள்தான் வலிக்கும்.

ஆகவே வெளியேற்றுவது பாதி வேலை. கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்வது மறு பாதி. 50 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 45 ஜூல் வேண்டும். 20 வாட் சூட்டை ஐந்து விநாடி ஊட்டினாலும் 100 ஜூல்தான்; தட்டு இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் ஏறும். அந்தத் தட்டு இல்லாமல் சுவிட்ச் தனித்து நின்றால், சில விநாடிகளிலேயே கருகிவிடும். ஆனால் தட்டும் குளம் போலத்தான்: நிறையும் வரைதான் தாங்கும். அதற்குள் சுமை குறைய வேண்டும், அல்லது கருவி நிற்க வேண்டும்.

பாதிவேலையில் நிறுத்துவது கம்பெனிக்காரனின் சாக்கு, அந்தக் காப்பை எடுத்துவிட்டால் வேலை நடக்கும் என்கிற பேச்சும் உண்டு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. உள்ளே தட்டையும் செம்பையும் குறைத்துவிட்டு, சூடேறினால் நின்றுவிடும் என்று விட்டுவிடும் மலிவுத் தயாரிப்புக்கு அந்தக் காப்பு ஒரு மறைப்புத்தான். அதற்காகக் காப்பையே எடுத்தால் இழப்பு நமக்கு. பேட்டரியில் இருக்கும் லித்தியம் செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, 60 டிகிரிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஆயுள் தேயும், அளவு கடந்தால் தீப்பிடிக்கும். சூடான பேட்டரியைச் செருகியதும் சார்ஜர் உடனே ஏற்றாமல் காத்திருப்பது இதற்காகத்தான்.

வெயில் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. 25 டிகிரி ஆய்வுக்கூடத்தில் பேட்டரிக்கு 60-ஐ எட்ட 35 டிகிரி இடைவெளி இருக்கிறது. வேலூரிலோ திருத்தணியிலோ 40 டிகிரி மே மாத மதியத்தில் மிஞ்சுவது 20 தான். வேலை செய்கிறவர் கையில் இருப்பவை எளிய வழிகள்: பெரிய துளைக்குக் குறைந்த கியர் போட்டால் மோட்டார் வேகமாகச் சுழலும், மின்னோட்டம் குறையும், ஃபேனுக்கும் வேகம் கிடைக்கும். மழுங்கிய பிட்டை மாற்ற வேண்டும். கடும் வேலைக்குப் பின் அரை நிமிடம் சும்மா ஓட விட்டால் உள்ளே காற்று பாயும். காற்றுத் துளைகளைத் தூசி அடைக்க விடக் கூடாது, பேட்டரியை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது.

மீதிப் பொறுப்பு கருவியைச் செய்கிறவர்களுடையது. ஒரு கணம் எட்டித் தொடும் உச்ச விசையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். நாள் முழுக்க அந்தக் கருவியை நம்பிச் சம்பாதிக்கிற தச்சருக்கு அந்த எண் பாதி உண்மைதான். முழுச் சுமையில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும், 40 டிகிரி வெயிலில் அது எவ்வளவாகக் குறையும் என்பதையும் அதே பெட்டியில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.