கோடையில் வரும் பனிக்கால நோய்

ஸ்னோ புளோயர் மக்கர் செய்வது டிசம்பரில். காரணம் ஏப்ரலில் கவனிக்காமல் விட்ட சில கரண்டி பெட்ரோல்.

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் வீட்டுக்காரர்களுக்கு இரவோடு இரவாக வந்து சேரும் வேலை ஒன்று உண்டு. காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி. காரை வெளியே எடுத்தாக வேண்டும். பல நகரங்களில் வீட்டின் முன்னுள்ள நடைபாதையைச் சுத்தம் செய்வதும் சட்டப்படி அவர்கள் பொறுப்பு. போதாக்குறைக்கு, தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போகும் இறுகிய பனி வாசலை மறிக்கும். அங்கே குடியேறிய தமிழர்கள் முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது.

இதற்குத் துணை ஸ்னோ புளோயர். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார், கதிரடிக்கும் எந்திரத்தைப் பார்த்துக் கிடைத்த யோசனையில் 1925-ல் லாரி மீது பொருத்திய பனி வீசும் எந்திரத்தை உருவாக்கினார். இன்று வீடுகளில் இருப்பது அதன் குட்டி வடிவம். பெட்ரோலில் ஓடும் இதைப் பின்னால் நின்று தள்ளிச் செல்ல வேண்டும். முன்னால் சுழலும் திருகுத் தகடு பனியை உள்ளே இழுக்கும்; அது குழாய் வழியே பறந்து தள்ளிப் போய் விழும்.

அவசரத்துக்கு இது கிளம்பாவிட்டால் மிச்சமிருப்பது மண்வெட்டிதான். கடுங்குளிரில் ஈரப் பனியை வாரிக் கொட்டுவது இதயத்துக்குப் பெரும் சுமை. மாரடைப்பு வரலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஆக, எந்திரத்தின் ஆரோக்கியத்தில் மனிதரின் ஆரோக்கியமும் அடங்கியிருக்கிறது.

இந்த என்ஜினைக் கெடுப்பது பெரும்பாலும் உழைப்பல்ல, ஓய்வு. ஆண்டில் ஏழெட்டு மாதம் சும்மா கிடக்கும்போது பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடுகிறது. மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிறது. கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளை ஊசிமுனை அளவுதான். அதை அடைக்க இந்தப் பிசின் போதும். அமெரிக்க பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும்.

தீர்வு இரண்டு. ஒன்று, புதிய பெட்ரோலில் கெடாமல் காக்கும் திரவத்தைச் சரியான அளவில் கலந்து, அது கார்புரேட்டர்வரை போய்ச் சேர ஐந்து, பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது. ஏற்கெனவே கெட்டுப்போன பெட்ரோலை இந்தத் திரவம் திருத்தாது. இரண்டு, டாங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை என்ஜினை ஓட்டுவது. பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து கடைசிச் சொட்டையும் வடித்துவிட வேண்டும்.

ஓடி நின்ற என்ஜினில் ஆயில் சூடாக இருக்கும். அதை மாற்றச் சரியான நேரம் அதுவே. பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருப்பதால் அதோடு கோடையைக் கழிக்கவிடக் கூடாது. பின்னர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்தால் உட்சுவரில் பூச்சுபோல் பரவித் துரு பிடிக்காமல் காக்கும்.

இந்த என்ஜின்கள் பெரும்பாலானவற்றுக்கு ஏர் ஃபில்டரே கிடையாது. பனியில் தூசி இல்லை. ஃபில்டர் இருந்தால் அதுவே உறைந்து காற்றை அடைத்துவிடும். திருகுத் தகட்டை அச்சோடு இணைக்கும் போல்ட்டும் விசேஷமானது. கட்டிப் பனியோ கல்லோ சிக்கினால் தான் உடைந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். அந்த இடத்தில் சாதாரண கெட்டி போல்ட்டைப் போட்டால் உடைவது கியர்தான். சீசன் முடிந்ததும் இந்த போல்ட்டுகளைக் கழற்றி அச்சுக்கு கிரீஸ் இட வேண்டும். இல்லையேல் தகடு துருவேறி அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

எச்சரிக்கைகளும் உண்டு. எந்த வேலைக்கு முன்பும் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். அடைத்த பனியைக் கையால் எடுக்கவே கூடாது. என்ஜின் நின்ற பிறகும் தகட்டில் தேங்கிய இழுவிசை, அடைப்பு நீங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றி விரலைத் துண்டித்துவிடும். குச்சிதான் பாதுகாப்பு. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். பெட்ரோலோடு நிறுத்துவதானால் தீ எரியும் வாட்டர் ஹீட்டர் உள்ள அறை வேண்டாம்.

பனியையே பார்க்காத ஊர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. வீட்டு ஜெனரேட்டர், புல் வெட்டும் எந்திரம், மருந்து தெளிப்பான் எல்லாமே மாதக்கணக்கில் சும்மா கிடப்பவை. மின்வெட்டு இரவில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தவர்கள் பிளக்கைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது, கார்புரேட்டரில் போன சீசன் பெட்ரோல் தங்கியிருக்கிறதா என்பதைத்தான்.