சி.டி.யும் ஹோவர்கிராஃப்ட்டும்

கீறல் விழுந்த பழைய சி.டி. ஒன்று வீட்டில் கிடக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். பாட்டில் மூடி ஒன்றில் சிறிய ஓட்டை போட்டு, சி.டி.யின் நடு ஓட்டைக்கு மேல் காற்று கசியாமல் ஒட்டுங்கள். பலூனை ஊதி அதன் வாயை மூடியில் மாட்டுங்கள். வழவழப்பான மேஜையில் வைத்து லேசாகத் தள்ளினால் சி.டி. வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் வெளியேறும் காற்று அதை மேஜையில் படாமல் தாங்குகிறது. ராணுவ ஹோவர்கிராஃப்ட் மிதப்பதும் இப்படித்தான்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவ கிராமம். ஏரியின் சராசரி ஆழமே சுமார் 1 மீட்டர்தான். கோடையில் இன்ஜின் படகு சேற்றில் மாட்டினால் இறங்கித் தள்ள வேண்டும். ஹோவர்கிராஃப்ட்டுக்குச் சேறு, மணல், தண்ணீர் எல்லாம் ஒன்றுதான்.

இதை உருவாக்கியவர் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் காக்கெரெல். 1955-ல் பூனை உணவு டின்னை காபி டின்னுக்குள் வைத்து, இடைவெளி வழியாகக் காற்றைச் செலுத்தி, சமையலறைத் தராசில் அதன் அழுத்தத்தை அளந்தார். ஒரே குழாயில் ஊதுவதைவிட வளையமாக ஊதினால் தூக்கும் சக்தி அதிகம் என்று தெரிந்தது. ராணுவத்திடம் போனார். இது விமானம் என்றது கடற்படை, படகு என்றது விமானப்படை! ஆனாலும் ரகசியப் பட்டியலில் மட்டும் சேர்த்துவிட்டார்கள். ரகசியம் நீங்கிய பிறகு உருவான எஸ்.ஆர்.என்.1, 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. அது சில அங்குல உயரம்தான் எழும்பியது. அலை வந்தால் சிரமம். பிறகு சுற்றிலும் ரப்பர் பாவாடை கட்டியதும் பிரச்னை தீர்ந்தது.

நம் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட்டுகள் மண்டபத்திலிருந்து ரோந்து போகின்றன. மேலும் ஆறு வாங்க 2024 அக்டோபரில் 387.44 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. இந்த விலையும் டீசல் செலவும் மீனவருக்குக் கட்டுப்படியாகாது. போதாததற்கு, அந்தச் சத்தத்தில் மீன் எங்கே நிற்கும்? வலை கட்ட நட்ட கழிகளில் பாவாடையும் கிழியும்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குள்ளும் இதே வித்தை நடக்கிறது. சுழலும் தட்டுக்கு மேல், தகவலைப் படிக்கும் ஹெட் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். ஓடும்போது பெட்டியை இடித்தால் ஹெட் தட்டில் உரசி, உங்கள் போட்டோக்கள் போய்விடலாம். ஷட்டவுன் செய்து, ஒரு நிமிடம் கழித்து நகர்த்துங்கள். எஸ்.எஸ்.டி.யில் தட்டே இல்லை என்பதால் இந்தக் கவலை வேண்டாம்.