இயங்கலையில் கூடிக் கற்றல்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இயங்கலைக்கு மாறின. ஆசிரியரின் விளக்கத்தைத் திரைவழி கேட்க முடிந்தது. ஆனால், ஆய்வுக்கூட மேசையைச் சுற்றி நின்று, ‘நீ பிடி, நான் அளக்கிறேன்’ என்று சேர்ந்து செய்த வேலை நின்றுபோனது.

மாணவர்களை இயங்கலையில் சிறு குழுக்களாகப் பிரித்துவிட்டால் மட்டும் கூடிக் கற்றல் நிகழ்ந்துவிடாது. ஒருவரே எல்லாவற்றையும் செய்து முடிப்பார். மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அமைதியாக இருப்பர். ஒருவரின் பங்கு இல்லாமல் மற்றவரால் முடிக்க இயலாதபடி வேலையை அமைப்பதே ஆசிரியர் செய்ய வேண்டியது.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். நூலின் நுனியில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். எந்த வீட்டிலும் செய்யலாம். சாவி கனமானதா, இலேசானதா என்பது பொருட்டன்று. நால்வர் கொண்ட குழுவில் ஊசலின் நீளத்தை ஒருவருக்கு 25 சென்டிமீட்டர், மற்றவர்களுக்கு 50, 75, 100 எனப் பிரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் ஊசலைச் சிறிதளவே இழுத்து விட்டு, பத்து அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, குழுவின் பொது விரிதாளில் பதிவர். 25 சென்டிமீட்டர் ஊசலுக்கு ஏறத்தாழ 10 வினாடி. 100 சென்டிமீட்டர் ஊசலுக்கு ஏறத்தாழ 20 வினாடி. நீளம் நான்கு மடங்கானாலும் நேரம் இரு மடங்கே ஆகிறது! தனித்தனி வீட்டில் இது புலப்படாது. நான்கு அளவுகளும் ஒன்றுசேர்ந்த பிறகே தெரியும்.

ஒருவரின் அளவு மட்டும் வரைபடத்தில் விலகி நின்றால் இன்னும் நல்லது. 50 சென்டிமீட்டர் ஊசலுக்கு 14 வினாடிக்குப் பதில் 7 வினாடி என்று அவர் பதிந்திருக்கலாம். போய்த் திரும்புவதுதான் ஓர் அலைவு. அவரோ போவதை ஒன்று, வருவதை ஒன்று என எண்ணியிருப்பார். ஆசிரியர் உடனே காரணத்தைச் சொல்லிவிடாமல், ‘எப்படி எண்ணினாய்?’ என்று நண்பர்களே கேட்கும்வரை பொறுத்திருப்பது நலம்.

கணினி வகுப்புக்கு இணை நிரலாக்கம் பொருந்தும். இருவரில் ஒருவர் தம் திரையைப் பகிர்ந்து நிரலைத் தட்டச்சு செய்வார். மற்றவர் அடுத்த படியைச் சொல்லி, பிழைகளைக் கவனிப்பார். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றிக்கொள்வர். நிரலாக்கத்தில் கைதேர்ந்தவரிடம் முதலில் தட்டச்சுப் பொறுப்பைக் கொடுத்தால், அவர் பேசாமலேயே வேலையை முடித்துவிடுவார். அவரை வழிகாட்டியாக்கினால், மனத்தில் உள்ளதைச் சொல்லியே தீர வேண்டும்.

இணையத் தொடர்பு மெதுவாக உள்ள மாணவர் என்ன செய்வார்? திரைப்பகிர்வு அவருக்குத் தடைபடலாம். இணையருடன் தொலைபேசியில் பேசியபடியே நிரலை அமைக்கலாம். ஊசலை அளக்கவோ இணையமே தேவையில்லை. அளவைப் புலனத்தில் ஒரு வரியாக அனுப்பினாலும், குழுவின் வரைபடத்தில் அவருடைய புள்ளி இடம்பெற்றுவிடும்.